பிசிக்ஸ் இன்னும் முடியவில்லை, விண்ணப்பிக்கலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு வயது 33. கோவையில் பி.இ. இ.சி.இ. படித்து 2013-ல் முடித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு டெக்சஸ் மாநிலம் ஃபிரிஸ்கோவுக்கு வந்து எட்டு வருடம் ஆகிறது. ஊரில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது நான்கு மாதம் கூடவே இருந்தேன். பிசியோதெரபிஸ்ட் ஒருவர் தினமும் வீட்டுக்கு வந்து அவரைத் திரும்ப நடக்க வைத்தார். அப்போதிலிருந்து இதையே படிக்க வேண்டும் என்று இருக்கிறது. இங்கே கம்யூனிட்டி காலேஜில் டி.பி.டி. (டாக்டர் ஆஃப் பிசிக்கல் தெரபி) படிப்புக்கு வேண்டிய முன்தேவைப் பாடங்களை ஒவ்வொன்றாக எடுத்து வருகிறேன். பயாலஜி, கெமிஸ்ட்ரி 1, 2, சைக்காலஜி, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் முடிந்துவிட்டன. ஒன்றில் பி, மற்றதெல்லாம் ஏ. போன கோடையில் ஐந்து வார வகுப்பில் எடுத்த அனாடமி-பிசியாலஜி 1-ல் மட்டும் சி. எனக்கு அனாடமி வராதோ என்று பயமாக இருக்கிறது. அனாடமி-பிசியாலஜி 2, பிசிக்ஸ் 1, பிசிக்ஸ் 2, லைஃப்ஸ்பேன் சைக்காலஜி நான்கும் பாக்கி. ஜூனில் விண்ணப்பம் திறக்கிறது. இந்தக் கோடையிலேயே அனாடமியையும் பிசிக்ஸ் 1-ஐயும் சேர்த்து எடுத்துவிட்டு விண்ணப்பிக்கலாமா? கணவர், ‘ஒரு வருடம் பொறு, எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் போடு’ என்கிறார். பையன் ஆகஸ்டில் கிண்டர்கார்டன் போகிறான். இன்னொரு சந்தேகம்: பி.இ. முதல் வருடம் படித்த பிசிக்ஸை இவர்கள் எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். பாடங்கள் பாக்கி இருக்கும்போதே விண்ணப்பிப்பது அமெரிக்க டி.பி.டி. சேர்க்கையில் சர்வசாதாரணம். கல்லூரி நான்காம் ஆண்டில் இருக்கும் பிள்ளைகள் பலரும் அப்படித்தான் விண்ணப்பிக்கிறார்கள். நானும் இரண்டு பாடம் பாக்கியோடு விண்ணப்பித்தவள்தான். பிடிகாஸ் என்ற பொது விண்ணப்பத் தளத்திலேயே முடித்த பாடம், இப்போது படிக்கும் பாடம், இனிமேல் படிக்கப்போகும் பாடம் எல்லாவற்றையும் பதிவு செய்ய இடம் இருக்கிறது. டி.பி.டி. நடத்தும் பல பள்ளிகள் நிபந்தனையோடு இடம் கொடுக்கும். வகுப்பு தொடங்குவதற்குள் பாக்கிப் பாடத்தை அவர்கள் கேட்கும் கிரேடோடு முடித்து, இறுதி டிரான்ஸ்கிரிப்டை அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் பாக்கி இருப்பது எனக்குக் கவலை தரவில்லை. உங்கள் கடிதத்தில் நான் இரண்டு மூன்று முறை திரும்பிப் படித்தது வேறொரு வரி. ஐந்து வார வகுப்பில் எடுத்த பாடத்தில் மட்டும் சி. மற்றதெல்லாம் பதினாறு வார செமஸ்டரில் எடுத்தவை, ஒரு பி தவிர எல்லாம் ஏ. இதைப் பார்த்தபின்னும் அனாடமி வராது என்ற முடிவுக்கு எப்படி வந்தீர்கள்? அனாடமி-பிசியாலஜி 1 என்றால் செல், திசு, தோல், எலும்பு, தசை, நரம்பு மண்டலம், புலன்கள். நான்கு மாதத்தில் ஊறவேண்டிய விஷயத்தை ஐந்து வாரத்தில், வீட்டில் நான்கு வயதுப் பையனை வைத்துக்கொண்டு படித்தீர்கள். கிட்டத்தட்ட வாரம் ஒரு பரீட்சை இருந்திருக்கும். எலும்பின் பெயர் மனதில் பதிவதற்குள் தசை வந்திருக்கும், தசை பதிவதற்குள் நரம்பு வந்திருக்கும். அந்த சி உங்கள் தலையெழுத்து இல்லை, அந்த ஐந்து வாரத்தின் விளைவு.

இப்போது மறுபடியும் கோடையில் அதே பாடத்தின் இரண்டாம் பாகத்தையும், கூடவே பிசிக்ஸையும் எடுக்கிறேன் என்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். முடிக்காத பாடத்துக்கு ஆயிரம் வழி இருக்கிறது. அவசரத்தில் வாங்கிய கிரேடை அழிக்க வழி கிடையாது. பிடிகாஸ் தன் ஜி.பி.ஏ. கணக்கில் திரும்ப எடுத்த பாடத்தின் பழைய கிரேடையும் சேர்த்தே போடும். நான்கு கிரெடிட் பாடத்தில் சி வாங்கி, திரும்ப எடுத்து ஏ வாங்கினாலும், அங்கே இரண்டும் எண்ணப்பட்டு சராசரி 3.0 தான் வரும். சில பள்ளிகள் தங்கள் சொந்தக் கணக்கில் புதிய கிரேடை மட்டும் எடுத்துக்கொள்ளும். அதை அந்தந்தப் பள்ளியின் பக்கத்தில் பாருங்கள், பொதுவாக நம்பிக்கொள்ள வேண்டாம்.

சரி, என்ன செய்வது?

கோடையில் ஒரே ஒரு லேப் பாடம். அது அனாடமி-பிசியாலஜி 2, டெக்சஸ் கம்யூனிட்டி காலேஜ்களில் பயாலஜி 2402 என்ற எண்ணில் இருக்கும். ஆனால் ஐந்து வார வகுப்பில் வேண்டாம். பத்து வாரக் கோடை வகுப்பு உங்கள் கல்லூரியில் இல்லாவிட்டால் பக்கத்து மாவட்டக் கல்லூரியில் தேடுங்கள். டெக்சஸில் பாட எண்கள் பொதுவானவை என்பதால் எங்கே எடுத்தாலும் 2402 என்றால் 2402 தான். ஆகஸ்டில் பையன் பள்ளிக்குப் போனபின் இலையுதிர் செமஸ்டரில் பிசிக்ஸ் 1401, அதோடு லைஃப்ஸ்பேன் சைக்காலஜி. அது 2314, லேப் இல்லாத பாடம், ஆன்லைனில் எடுத்தாலும் தாங்கும். ஜனவரியில் தொடங்கும் செமஸ்டரில் பிசிக்ஸ் 1402. அப்படிச் செய்தால் டிசம்பருக்குப் பிறகு உங்கள் கையில் பாக்கி ஒன்றே ஒன்று. அந்த நிலையில் இருக்கும் விண்ணப்பத்தைப் பெரும்பாலான பள்ளிகள் தயங்காமல் பார்க்கும்.

பத்து வார வகுப்பு எங்குமே கிடைக்காவிட்டால் சைக்காலஜியைக் கோடைக்கு மாற்றுங்கள். அனாடமியை இலையுதிர் செமஸ்டரில் பிசிக்ஸ் 1-ஓடு சேர்த்துப் படியுங்கள். இரண்டு லேப் பாடம் சேர்ந்து வருவது கனம்தான், ஆனால் பதினாறு வாரம் இருக்கிறது, பகலில் வீடும் அமைதியாக இருக்கும். இரண்டில் எது நல்லது என்று கேட்டால் முதலாவதையே சொல்வேன். காரணம், அக்டோபர் வாக்கில் உங்கள் கோப்பைக் கையில் எடுக்கும் பேராசிரியரின் கண் முதலில் அந்த சி-யில்தான் போய் நிற்கும். அடுத்த வரியிலேயே அனாடமி-பிசியாலஜி 2-ல் ஏ இருந்தால் அந்தக் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும். ‘படித்துக்கொண்டிருக்கிறார்’ என்று இருந்தால் கேள்வி கேள்வியாகவே நிற்கும். எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றின் நேர்காணல் குழுவில் சில வருடங்களாக உட்காருகிறேன். பிசிக்ஸ் 2 பாக்கி என்பதற்காக ஒரு பிள்ளையைப் பற்றி நாங்கள் நீண்டநேரம் பேசியதாக நினைவில்லை. அனாடமி பாக்கி என்றால் பேசியிருக்கிறோம். டி.பி.டி. முதல் செமஸ்டரிலேயே பதப்படுத்திய மனித உடலை அறுத்துப் படிக்கும் வகுப்பு பெரும்பாலான பள்ளிகளில் வந்துவிடும். அதைத் தாங்குவாரா என்பதற்கு இந்தப் பாடத்தின் கிரேடைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள்.

முதல் பாகத்தைத் திரும்ப எடுக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். இப்போது வேண்டாம். முன்தேவைப் பாடத்தில் சி போதும் என்று பல பள்ளிகள் சொல்கின்றன. சில, பி-க்குக் குறையக் கூடாது என்கின்றன. இரண்டாம் வகைப் பள்ளிகளை இந்தச் சுற்றில் விட்டுவிடுங்கள்.

இனி உங்கள் பி.இ. பிசிக்ஸ். இதைப் பற்றி நம் ஊர் இன்ஜினியரிங் பிள்ளைகள் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் வெஸ் போன்ற நிறுவனத்தில் பாடவாரியான மதிப்பீடு வாங்கி அனுப்பினால், உங்கள் நான்கு வருட பி.இ. இங்கத்திய இளநிலைப் பட்டத்துக்குச் சமம் என்று காட்ட அது உதவும். அது கட்டாயம் வேண்டும், இன்னும் வாங்கவில்லை என்றால் இந்த வாரமே தொடங்குங்கள். ஊரிலிருந்து மார்க் ஷீட்டைச் சீல் வைத்த உறையில் வரவழைக்க எவ்வளவு நாள் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் பட்டத்தை ஒத்துக்கொள்வது வேறு, அந்தப் பாடத்தை முன்தேவையாக ஒத்துக்கொள்வது வேறு. அறிவியல் முன்தேவைகளை அமெரிக்கக் கல்லூரியில்தான் எடுத்திருக்க வேண்டும் என்று கேட்கும் பள்ளிகள் நிறைய. பாடம் படித்து ஐந்து, ஏழு, பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்று ஒரு வரம்பும் பல பள்ளிகள் வைத்திருக்கின்றன. நீங்கள் முதல் வருட பிசிக்ஸ் படித்தது 2009-10. மூன்றாவதாக லேப். நான் பார்த்த அண்ணா பல்கலைக்கழக மார்க் ஷீட்களில் முதல் வருட லேப் ‘பிசிக்ஸ் அண்ட் கெமிஸ்ட்ரி’ என்று ஒரே தாளாக இருக்கிறது. லேப் சேர்ந்த பிசிக்ஸ் இரண்டு செமஸ்டர் கேட்கும் பள்ளிக்கு அந்தப் பாதி லேபை எந்தப் பெட்டியில் போடுவது என்றே தெரியாது. அதனால் அதை நம்பி உட்காராதீர்கள். இங்கேயே எடுங்கள். கால்குலஸ் இல்லாத காலேஜ் பிசிக்ஸ் பெரும்பாலான பள்ளிகளுக்குப் போதும். இ.சி.இ. முடித்த உங்களுக்கு அது கஷ்டமே இல்லை. அங்கே கிடைக்கும் இரண்டு ஏ அந்த சி-யைப் பெருமளவு ஈடுகட்டும்.

பிசிக்ஸை ஒரு சடங்காக நினைத்து ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காக இதையும் சொல்லிவிடுகிறேன். வலது இடுப்பு மூட்டு தேய்ந்த ஒருவருக்கு ஊன்றுகோலை எந்தக் கையில் கொடுப்பீர்கள்? வலி வலது பக்கம், அதனால் வலது கையில் என்றுதான் எல்லோரும் பிடிப்பார்கள். உங்கள் அப்பாவின் நண்பர்களில் யாராவது அப்படி நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். இடது கையில்தான் கொடுக்க வேண்டும். வலது காலில் நிற்கும்போது உடலின் எடை இடுப்பை இடது பக்கம் சாய்க்கப் பார்க்கிறது. அதைச் சாயவிடாமல் பிடிப்பது வலது இடுப்பின் பக்கவாட்டுத் தசை. அந்தத் தசை மூட்டுக்கு மிக அருகில் இருந்து இழுக்கிறது, எடையோ தள்ளி இருந்து அழுத்துகிறது. கிட்ட இருப்பவன் அதிக பலம் போட்டால்தான் தூர இருப்பவனைச் சமாளிக்க முடியும். தசையின் இழுப்பும் உடல் எடையும் இரண்டும் சேர்ந்து அந்தத் தேய்ந்த மூட்டின் மேல்தான் விழுகின்றன. இடது கையில் ஊன்றுகோல் இருந்தால் அது வலது மூட்டிலிருந்து வெகுதூரம் தள்ளி நிற்கிறது. லேசாக ஊன்றினாலே தசையின் வேலை பெருமளவு குறைகிறது, வலியும் குறைகிறது. பிசிக்ஸ் 1-ல் திருப்புவிசை என்று ஒரு பாடம் வரும், அதுதான் இது. அந்த வகுப்பில் உட்காரும்போது அப்பாவின் நடையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிகளைத் தேர்ந்தெடுக்கும் வேலை சலிப்பானது, ஆனால் இங்கேதான் பலர் பணத்தை விடுகிறார்கள். பிடிகாஸ் தளத்தில் ஒவ்வொரு பள்ளியின் முன்தேவைகளும் பட்டியலாக இருக்கின்றன. ஒரு எக்செல் ஷீட் போட்டு, விண்ணப்பிக்கும்போது எத்தனை பாடம் பாக்கி இருக்கலாம், இலையுதிர் செமஸ்டர் முடிவில் எத்தனை இருக்கலாம், கடைசிப் பாடத்தை எந்த மாதத்துக்குள் முடிக்க வேண்டும், கம்யூனிட்டி காலேஜும் ஆன்லைன் லேபும் ஒத்துக்கொள்வார்களா, இவற்றை மட்டும் எழுதுங்கள். டிசம்பருக்குப் பிறகு இரண்டு பாடத்துக்கு மேல் பாக்கி இருக்கக் கூடாது என்கிற மாதிரி விதிகள் நிறையக் கண்ணில் படும். வகுப்பு தொடங்கும் மாதத்தையும் பாருங்கள். எல்லாப் பள்ளியும் ஆகஸ்டில் தொடங்குவதில்லை. மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ தொடங்கும் பள்ளிக்கு, மே நடுவில் முடியும் பிசிக்ஸ் 2-இன் கிரேடு சரியான நேரத்தில் போய்ச் சேருமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சந்தேகம் உள்ள இடத்தில் சேர்க்கை அலுவலகத்துக்கு நான்கு வரி மின்னஞ்சல் போடுங்கள். போனில் கேட்க வேண்டாம், எழுத்தில் வந்த பதில்தான் பின்னால் உதவும். இன்னின்ன பாடம் முடிந்தது, இன்னின்ன பாடத்துக்கு இன்ன செமஸ்டரில் திட்டம், இது உங்களுக்குச் சரியா என்று நேராகக் கேளுங்கள். அவர்கள் அதைத் தொந்தரவாக நினைப்பதில்லை. இந்த வடிகட்டலுக்குப் பிறகு மிஞ்சும் ஆறு ஏழு பள்ளிக்குப் போட்டால் போதும். பதினைந்து பள்ளிக்குப் போட்டு, அதில் எட்டு விதியைக் காட்டியே ஒதுக்கிவிட்டால், ஒவ்வொன்றுக்கும் கட்டிய கட்டணம் திரும்பி வராது.

விண்ணப்பத்தை நிரப்பும்போது பாக்கிப் பாடங்களை மறைக்கிற மாதிரி விட்டுவிடாதீர்கள். சிலர் கூச்சத்தில் அப்படிச் செய்கிறார்கள். பிசிக்ஸ் 1402, இன்ன கல்லூரி, இன்ன செமஸ்டர் என்று திட்டமிட்ட பாடமாகப் பதிவு செய்து, ஒவ்வொரு பள்ளியின் முன்தேவைப் பெட்டியிலும் அதைப் பொருத்திவிடுங்கள். பெட்டி காலியாக இருந்தால் உங்களுக்குத் திட்டமே இல்லை என்றுதான் படிப்பவர் நினைப்பார். இலையுதிர் செமஸ்டர் முடிந்ததும் அகடமிக் அப்டேட் என்று ஒரு வாய்ப்பு திறக்கும். அதில் புதிய கிரேடுகளைச் சேர்த்து, புது டிரான்ஸ்கிரிப்டும் அனுப்புங்கள். டிரான்ஸ்கிரிப்ட் சரிபார்க்கவே சில வாரம் எடுக்கும், அதையும் கணக்கில் வையுங்கள். வரும் விண்ணப்பங்களை அவ்வப்போது பார்த்து இடம் கொடுத்துக்கொண்டே போகும் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றுக்குக் கடைசித் தேதிவரை காத்திருக்காமல் ஆகஸ்டில் அனாடமி கிரேடு வந்தவுடன் அனுப்பிவிடுங்கள்.

நேர்காணலில் கேட்டால், ‘கோடை ஐந்து வார வகுப்பில் எடுத்தேன், அது என் தவறான கணக்கு. அடுத்த பாகத்தை நிதானமாக எடுத்தேன், கிரேடு இது’ என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். பையனுக்குக் காய்ச்சல், வீட்டில் ஆள் இல்லை என்றெல்லாம் நீட்ட வேண்டாம். அவை உண்மையாக இருந்தாலும் அந்த அறையில் அவர்கள் கேட்க விரும்புவது நீங்கள் என்ன மாற்றினீர்கள் என்பதைத்தான்.

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன், உங்களுக்கு நடக்கக் கூடாது என்பதற்காக. பிசிக்ஸ் 2 மட்டும் பாக்கி இருக்க, எனக்கு நிபந்தனையோடு இடம் கிடைத்துவிட்டது. இடத்தைப் பிடித்துவைக்கக் கட்டிய முன்பணம் திரும்பக் கிடைக்காது. ஜனவரியில் வகுப்பு தொடங்க நான்கு நாள் இருக்கும்போது, ஆள் சேரவில்லை என்று கல்லூரி அந்த வகுப்பையே ரத்து செய்துவிட்டது. அன்று மாலை முழுக்க அழுதேன். பிறகு நாற்பது மைல் தள்ளி வேறொரு கல்லூரியில் மாலை வகுப்பில் ஒரு இடம் கிடைத்தது. அந்த செமஸ்டர் முழுக்க செவ்வாயும் வியாழனும் வேலை முடிந்து வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அதனால்தான் சொல்கிறேன், வசந்தகால வகுப்புப் பதிவு திறக்கும் முதல் நாளே பிசிக்ஸ் 2-இல் இடம் போடுங்கள். ரத்தானால் போவதற்கு இரண்டாவது கல்லூரி ஒன்றையும் இப்போதே பார்த்து, அங்கே மாணவியாகப் பதிவு செய்துவையுங்கள். மாலையிலோ இரவிலோ மட்டும் நடக்கும் ஒற்றை வகுப்பைவிட, ஒரே கல்லூரியில் மூன்று நான்கு வகுப்பாக நடக்கும் பாடம் பத்திரம்.

உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதைத் தள்ளிவிட வேண்டாம். ஆகஸ்டில் அனாடமி 2 கிரேடும் பி-க்குக் கீழே வந்தால், இந்த வருடம் போடாதீர்கள். முதல் பாகத்தை ஒரு முழு செமஸ்டரில் திரும்ப எடுத்துவிட்டு அடுத்த சுற்றில் போடுங்கள். 33 வயதில் ஒரு வருடம் பெரிதாகத் தெரியும். ஆனால் மூன்று வருடப் படிப்பில் முதல் செமஸ்டரிலேயே தடுமாறி வெளியே வருவதோடு ஒப்பிட்டால் அது சின்ன விஷயம். அந்த கிரேடு பி-யோ அதற்கு மேலோ வந்தால், காத்திருக்கக் காரணம் எதுவும் இல்லை.

கடிதத்தில் நீங்கள் குறிப்பிடாத இரண்டு விஷயம். ஒன்று, பிசிக்கல் தெரபிஸ்ட் வேலை செய்வதைக் கூட இருந்து பார்க்கும் நேரம் (அப்சர்வேஷன் ஹவர்ஸ்). எத்தனை மணி என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும், சில பள்ளிகள் கேட்பதே இல்லை. வெளிநோயாளர் கிளினிக் ஒன்றில் மட்டும் முடித்துவிடாமல், மருத்துவமனையிலோ பக்கவாத மறுவாழ்வுப் பிரிவிலோ கொஞ்சம் நில்லுங்கள். அப்பாவோடு இருந்த நான்கு மாதத்தில் பார்த்ததையும் இங்கே பார்ப்பதையும் ஒப்பிட்டு எழுதினால், உங்கள் கட்டுரை வேறு யாராலும் எழுத முடியாததாக இருக்கும். இரண்டு, பரிந்துரைக் கடிதம். பல பள்ளிகள் ஒரு அறிவியல் பேராசிரியரிடமிருந்தும் ஒரு பிசிக்கல் தெரபிஸ்டிடமிருந்தும் கேட்கின்றன. அதனால் கோடை அனாடமி வகுப்பு நேரில் நடப்பதாக இருக்கட்டும். முன் வரிசையில் உட்காருங்கள், ஆபீஸ் நேரத்தில் போய் சந்தேகம் கேளுங்கள். பெயர் தெரியாத மாணவிக்கு யாரும் நல்ல கடிதம் எழுத முடியாது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு குறிப்பு. தமிழ்நாட்டில் பி.பி.டி. (பிசியோதெரபி இளநிலைப் பட்டம்) முடித்துவிட்டு இங்கே வந்தவர்களுக்கு இந்தப் பாதை பொருந்தாது. அவர்கள் முதலில் தங்கள் படிப்பை எஃப்.சி.சி.பி.டி. போன்ற அமைப்பில் மதிப்பீடு செய்து, குறையும் பாடங்களை முடித்து, என்.பி.டி.இ. தேர்வு எழுதி உரிமம் வாங்கும் வழியைப் பார்க்க வேண்டும். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

தங்கைக்கு இந்த வாரம் மூன்று வேலை. வெஸ் மதிப்பீட்டுக்கு மனு போடுவது, பத்து வார 2402 எங்கே இருக்கிறது என்று தேடிப் பதிவு செய்வது, கோடைக்கு நீங்கள் திட்டமிட்ட பிசிக்ஸில் ஏற்கெனவே பதிவு செய்திருந்தால் முழுப்பணமும் திரும்பும் தேதிக்குள் அதை விடுவது. ஆகஸ்டில் கிரேடு வந்ததும் எனக்கு எழுதுங்கள். பள்ளிப் பட்டியலை அனுப்பினால் சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
அக்கா